கிருபாநிதி சார் குடித்த கசாயம்

கிருபாநிதி சாரு ஒரு வாரமா அடிச்சுப்போட்ட மாதிரி தூங்குதாருன்னு அவரு வீட்டம்மா ஜெயஷீலா டீச்சர் வந்து சொன்னப்போ எனக்குச் சிரிப்பும் வந்துது, பயமும் வந்துது. அவரு எதைக் குடிச்சிட்டுத் தூங்குதாருன்னு அவருக்கும் தெரியாது, காய்ச்சிக் குடுக்குத டீச்சருக்கும் தெரியாது. தெரிஞ்சது அவங்க பிள்ளைங்க ரெண்டு பேருக்கு. பெறகு எனக்கு.

நான் அந்த வீட்டு ஆளு இல்ல. தூத்துக்குடி பிரையண்ட் நகர்ல அவங்க வீட்டுக் கீழ முன்னறையில வாடகைக்குத் தையக்கடை வச்சிருக்கேன். செண்பகம் டெய்லர்ஸ்னு போர்டு. டெய்லர்ஸ்னு பெருமையாப் போட்டிருக்கே தவிர தைக்கது, காஜா எடுக்கது, ஹூக்கு வைக்கது, வாரவகிட்ட ஏச்சு வாங்குதது எல்லாம் நான் ஒருத்திதான். அதுவும் ஜூன் மாசம். பள்ளிக்கூடம் தொறக்க நேரம். எங்க பாத்தாலும் நீலப் பாவாடையும் கட்டம் போட்ட சட்டையுமாக் குமிஞ்சு கெடக்கு. மேக்க இருந்து அடிக்கிற கச்சான் காத்து வேற, கதவைத் தொறந்தா உப்பளத்துத் தூசி முழுக்கத் துணி மேல. மூடுனா வேர்த்துக் கொட்டும். இதுக்கு நடுவுலதான் இந்தக் கூத்து.

சாரு பக்கத்துல நாசரேத்துக்காரரு. ஹெட்மாஸ்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு, இங்கிலீஷ் வாத்தியாரு. இப்பம் சபையில மதுவிலக்குச் சங்கச் செயலாளரு. சும்மா பேருக்கு இல்ல, ஆளு நெருப்பு. இருமல் மருந்து வாங்குனா லேபிளை வெயில்ல பிடிச்சு வாசிப்பாரு, ஆல்கஹால்னு ஒரு சொட்டு இருந்தாலும் திருப்பிக் குடுத்துருவாரு. கிறிஸ்மஸுக்கு யாரு கேக் குடுத்தாலும் "திராட்சையை எதுல ஊறப்போட்டீங்க?"ன்னு கேட்டுட்டுத்தான் வாயில வைப்பாரு. எங்க தெருமுனையில ஒயின் ஷாப்பு வர இருந்தப்போ வெயில்ல நடுரோட்டுல உக்காந்து அதை விரட்டுனவரு. என் வீட்டுக்காரரு குடிச்சுக் குடிச்சே போய்ச் சேந்தவரு. அதனால மத்தவங்க சாரைக் கேலி பேசுனா எனக்குப் பத்திக்கிட்டு வரும். அவரு பிடிவாதம் பிடிக்கதுல ஒரு தப்பும் இல்லன்னுதான் நான் நெனைச்சிருந்தேன்.

அவரு மக ஜெபசுதா. காலேஜ்ல ஹிஸ்டரி கெஸ்ட் லெக்சரர். கூடவே பி.எச்.டி. பண்ணுதா, பண்ணுதா, பண்ணிக்கிட்டே இருக்கா. வந்த மாப்பிள்ளைக்கெல்லாம் "தீசிஸ் முடியட்டும்"னு சொல்லியே வயசு முப்பத்தஞ்சைத் தொட்டாச்சு. ஒரு வழியா இந்த ஜூன்ல வைவா தேதி குறிச்சாங்க.

வைவான்னா பரிட்சைதான், ஆனா நம்ம ஊருல அது ஒரு கல்யாணம் மாதிரி. வெளியூர்ல இருந்து பரிட்சைக்காரர் வருவாரு, அவரு முன்னால நின்னு இவ பேசணும். யாரு வேணாலும் வந்து உக்காரலாம், யாரு வேணாலும் கேள்வி கேக்கலாம்னு சட்டமாம். ஒருத்தனும் கேக்க மாட்டான். மக்ரூனையும் மிக்சரையும் தின்னுட்டு, கையத் தட்டிட்டு, போட்டோவுக்கு நின்னுட்டுப் போவான். டீச்சர் அன்னைக்கு உடுத்த மகளுக்குக் கருநீலப் பட்டு எடுத்து, ஜாக்கெட்டை என்கிட்டக் குடுத்திருந்தாங்க. அளவு எடுக்க வந்த சுதா அங்கனயே உக்காந்துட்டா.

"அக்கா, நான் பேசப் போறதை ஒரு தடவை கேக்கீங்களா? ஆளு முன்னால சொல்லிப் பாக்கணும்."

"எனக்கு என்னளா தெரியும் உன் இங்கிலீசு? மேல அப்பா சும்மாதான இருக்காரு, அவருகிட்டச் சொல்லு."

"அவருகிட்டச் சொல்ல முடியாது," ன்னா. மொகம் செத்துப் போச்சு.

"ஏன்? ஏதோ வெளிநாட்டுச் சாமியார் மடம், மூலிகைத் தோட்டம்னு அவருதான் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுதாரு."

"மூலிகைதான். அது எதுக்குள்ள போடுற மூலிகைன்னு அவரு கேக்கல, நானும் சொல்லல." கதவை ஒருச்சாத்திட்டு வந்தா. "அக்கா, அது பீர்ல போடுறது."

ஆத்தாடி! மிஷினை மிதிச்ச கால் அப்படியே நின்னு போச்சு.

அன்னைக்கு ஆரம்பிச்சுது. தெனமும் காலேஜ் விட்டு வந்து, நான் காஜா எடுக்க எடுக்க எதுத்தாப்புல நின்னு தமிழ்ல சொல்லுவா. நிக்கவும் மாட்டா. கட்டிங் மேசைக்கும் வாசலுக்கும் நடந்துக்கிட்டே இருப்பா. பாத்தா நமக்குத் தலை சுத்தும்.

"ஹாப்ஸுன்னு ஒரு கொடி இருக்குக்கா. நம்ம பிச்சிக்கொடி மாதிரி ஏறும். பூவு பச்சையா, இதழ் மேல இதழா இருக்கும். அதைக் காயப்போட்டு பீர் காய்ச்சுறப்பம் போடுவாங்க. கசக்கும். ஆனா சரக்கு சீக்கிரம் கெடாது."

"பதநீர்ல சுண்ணாம்பு போட்ட மாதிரியா?"

"சுண்ணாம்பு புளிக்கவே விடாதுல்லா. இது புளிச்சதைக் கெட்டுப்போகாமப் பாத்துக்கிடும். ஐரோப்பாவுல ஆயிரம் வருசத்துக்கு முந்தியே மடத்துச் சாமியாருங்க காட்டுல இதைப் பறிச்சிருக்காங்க. ஆனா ரொம்ப ஊர்ல அந்தக் காலத்துல பீர்ல போட்டது இது இல்ல. க்ரூட்டுன்னு ஒரு பொடி. நாலஞ்சு எலைதழையைக் கலந்து இடிச்சது. அந்தப் பொடியை யாரு விக்கலாம்னா, பிஷப்பும் பிரபுவும் மட்டும்தான். பீர் காய்ச்சணும்னா அவங்க சரக்கு வைக்கிற கிட்டங்கியில போயித்தான் பொடி வாங்கணும். அதுக்குள்ள என்ன இருக்குன்னும் சொல்ல மாட்டாங்க."

"நம்ம மெயின் ரோட்டு அண்ணாச்சி சால்னா மசாலா மாதிரின்னு சொல்லு."

சிரிச்சா. சிரிச்ச வேகத்துல நடையும் கூடிப்போச்சு. "ஆனா ஹாப்ஸு வேலியில படருது. எவன் வேணாலும் பறிக்கலாம். அதைப் போட்ட பீர் கெடாததுனால கப்பல்ல ஏறுச்சு. பிரெமன், ஹாம்பர்க்னு நம்ம தூத்துக்குடி மாதிரி துறைமுகம். அங்க இருந்து பக்கத்துச் சீமையில கொண்டு போய் எறக்குனாங்க. பிஷப்புக்கும் பிரபுவுக்கும் பொடி வியாபாரம் படுத்துப் போச்சு. சும்மா இருப்பாங்களா? மொதல்ல 'வராத'ன்னாங்க. முடியலன்னதும் ஹாப்ஸ் பீருக்கும் வரி போட்டாங்க."

"அதான பாத்தேன். எந்தச் சீமையா இருந்தா என்ன, வாங்குதவன் வாங்கிட்டுத்தான இருப்பான். சரி, கைய நீட்டு, சுத்தளவு எடுக்கணும்."

இப்படியே பாதியில விட்டுருவேன். எனக்கும் வேலை கெடக்குல்லா. கடைசி அத்தியாயத்தை ஒரு நாளும் நான் கேட்டதில்ல, அதுக்குள்ள யாராவது ஒருத்தி யூனிபார்முக்கு வந்து நின்னுருவா.

"பட்டம் கெடைச்சுரும்க்கா. அதுல பயமில்ல," ன்னு ஒரு நாள் சொன்னா. "அன்னைக்கோட அப்பா என்கிட்டப் பேசுறதை நிறுத்திருவாரு. எனக்கு அதுதான் பயம். அவரு ஒருத்தரோட பேச்சை நிறுத்துனா நிறுத்துனதுதான். எங்க அம்மா கூடப்பொறந்த மாமா ஒருத்தரு பிள்ளை கல்யாணத்துல பீர் ஊத்திக் குடுத்தாருன்னு இன்னைக்கு வரைக்கும் அவரு வீட்டு வாசலை அப்பா மிதிக்கல."

"அப்பம் இப்பமே சொல்லிரு. வைவாவுல தெரிஞ்சா இன்னும் மோசம்."

"சொல்லுதேன். நாளைக்குச் சொல்லுதேன்," ன்னா. நாளைக்கு நாளைக்குன்னே நாள் போச்சு.

தம்பிக்காரன் ஸ்டெபின் துறைமுகம் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டுல சூப்பர்வைசர். விளையாட்டுப் பய. ஒரு நாள் சாயங்காலம் பைக்கை நிறுத்திட்டு நேரே என் கடைக்குள்ள வந்தான், கையில ஒரு பிளாஸ்டிக் கவரு.

"ஏக்கா சுதா, இந்தா உன் மாப்பிள்ளை."

கவருக்குள்ள பச்சை பச்சையா, சின்னக் குச்சி ஒடிச்சுப் போட்ட மாதிரி. நான் ஆட்டுத் தீவனம்னு நெனைச்சேன். பெங்களூருல ஏதோ பீர் கம்பெனிக்கு வந்த ஹாப்ஸாம், பூவைப் பொடிச்சுக் குச்சி மாதிரி அமுக்குனது. எறக்குறப்பம் ஒரு பெட்டி ஒடைஞ்சு சிந்திருச்சாம். கூட்டி அள்ளிக் குப்பையில போட இருந்ததைக் கேட்டு வாங்கிட்டு வந்திருக்கான்.

சுதா கவருக்குள்ள மொகத்தைக் கொண்டு போனா. பச்சைப் புல்லும் எலுமிச்சந் தோலும் சேத்துக் கசக்குன மாதிரி ஒரு வாசம் கடை முழுக்கச் சுத்துச்சு. தலையைத் தூக்குனப்போ கண்ணு நெறைஞ்சிருந்துது.

"ஏழு வருசமா இதைப் பத்தி எழுதுதேன்லே. இன்னைக்குத்தான் பாக்கேன்."

"கோட்டி. இதுக்குப் போயி அழுவியா?" ன்னான் அவன்.

அவ அதை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில்ல போட்டு, மேல லத்தீன் பேரை எழுதி ஒட்டி, தன் புஸ்தக அலமாரியில வச்சா. பீர்னோ ஹாப்ஸுன்னோ எழுதுனா அப்பா பாத்துருவாருன்னு லத்தீன்ல எழுதுனாளாம். பி.எச்.டி. படிச்ச மூளை! அங்கதான் வெனையே வந்துது.

டீச்சர் சயின்ஸ் டீச்சரா இருந்தவங்க. அலமாரி தொடைக்கப் போனவங்க லத்தீன் பேரைப் பாத்ததும், மக ஆராய்ச்சி பண்ணுத மடத்து மூலிகை இதுதான்னு கண்டுபிடிச்சிட்டாங்க. போன்ல பேரைப் போட்டுப் பாத்தா, ஒறக்கம் வராதவங்களுக்கு நல்லதுன்னு வந்திருக்கு. இன்னும் கொஞ்சம் கீழ எறங்கிப் படிச்சிருந்தா பீர்னும் வந்திருக்கும். சாருக்கோ ரொம்ப நாளா ஒறக்கம் கெடையாது, ராத்திரியெல்லாம் மாடியில செருப்புச் சத்தம் கேக்கும். டீச்சர் என்ன செய்தாங்க, ஒரு கரண்டியைச் சுக்கோட தட்டிப்போட்டுக் கொதிக்கவச்சு, கருப்பட்டி கலந்து சாருக்குக் குடுத்துட்டாங்க. சாரு டம்ளரைக் கவுத்துட்டு "நல்ல கசப்பு, ஸ்தோத்திரம்"னாராம். அன்னைக்கு விடிஞ்சு வெயில் ஏறுற வரைக்கும் தூங்கியிருக்காரு.

அதோட விட்டாரா? மக கண்டுபிடிச்ச மூலிகைன்னு சங்கத்துல சொல்லி, பொட்டலம் கட்டிக் கொண்டு போய்க் குடுத்திருக்காரு. சபையில பாதிப் பெருசு ஹாப்ஸைக் குடிச்சிட்டுத் தூங்குது.

பாட்டில் பாதி கொறைஞ்சிருக்கதைப் பாத்துட்டு சுதா என் கடைக்கு ஓடி வந்தா. செருப்புக் கூடப் போடல.

"அக்கா, எல்லாரையும் குடிக்க வச்சிட்டாருக்கா! நான் செத்தேன்!"

"போதை ஏறுமாளா?"

"ஏறாது. வெறும் பூவுதான். ஆனா அதை அவருகிட்ட யாரு சொல்லுவா?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியல. அவ முறைச்ச முறைப்புல வாயை மூடிக்கிட்டேன். மூடவும், வாசல்ல வெள்ளத்துரை அண்ணாச்சி வந்து நிக்கவும் சரியா இருந்துது. அவருதான் சங்கத் தலைவரு, அரிசிக் கடை வச்சிருக்காரு.

"செண்பகம், சாரு மேல இருக்காரா? அந்தச் சாமியார் மருந்து தீந்து போச்சு. அடடே, பாப்பா இங்கனயா இருக்க? ஒன் வைவாவுக்கு நாசரேத்துல இருந்து வேன் வருது, தெரியும்லா? சங்கம் சார்புல சால்வை போடப் போறோம். பேனருக்கும் சொல்லியாச்சு. மதுவிலக்குக் குடும்பத்தின் மாணிக்கம்னு போடச் சொல்லிருக்கேன். எப்படி?"

சுதா சிரிச்ச சிரிப்பு இருக்கே, அழுதிருந்தாக் கூட எனக்குத் தாங்கியிருக்கும். அவரு படியேறுனதும் நான் கத்திரியைக் கீழ வச்சேன்.

"ஏளா, போதும். பீரைப் பத்தி நீ பேசப் பேச, பின்னால மதுவிலக்குச் சங்கம்னு பேனர் தொங்கும். மானம் போறது உனக்கு மட்டும் இல்ல, அந்த மனுசனுக்கும்தான். ஊரு அவரைக் கேலி பேசியே கொன்னுரும். இன்னைக்கே சொல்லிரு. நீ சொல்லலன்னா நான் சொல்லிருவேன்."

"ஞாயித்துக்கெழமை சொல்லுதேன்," ன்னா. இந்தத் தடவ சொன்னபடி செய்தா.

ஞாயித்துக்கெழமை கோயில் விட்டு வந்து எல்லாரும் சாப்புட உக்காந்திருந்தாங்க. ஜாக்கெட்டைப் போட்டுப் பாக்கக் குடுக்கலாம்னு நான் மாடிக்குப் போனேன். "நீயும் ஒரு வாய் சாப்புடு செண்பகம்"னு டீச்சர் பிடிச்சு உக்கார வச்சிட்டாங்க. ஊளி மீன் கொழம்பு, அவிச்ச முட்டை, அவரக்காய்ப் பொரியல். சுதா சாப்புடல. எந்திச்சுத் தண்ணி எடுக்கா, உக்காருதா, திரும்ப எந்திச்சு ஃபேனைக் கூட்டுதா.

"என்னம்மா, ஒரு எடத்துல இரேன்," ன்னாரு சாரு.

"அப்பா, நீங்க ராத்திரி குடிக்கிற கசாயம் பீர்ல போடுற பூவுப்பா."

ஸ்டெபின் சோத்துல கைய வச்சபடிக்கே இருந்தான். டீச்சர், "ஏதும் வெளையாடுதியா?"ன்னாங்க.

"வெளையாடல. நான் ஏழு வருசமாப் படிச்சது அதைத்தான். பீர் காய்ச்சுன மடங்க, அதுல போட்ட மூலிகை, அதுக்குப் போட்ட வரி. அதுல போதை கெடையாதுப்பா, நீங்க எதுவும் தப்பாக் குடிக்கல. சொல்லாதது என் தப்பு."

சாரு ரொம்ப மெதுவா டம்ளரைத் தள்ளி வச்சாரு. "என் வீட்டுல," ன்னாரு. "என் டம்ளர்ல. ஊருக்கெல்லாம் பொட்டலம் கட்டிக் குடுத்தேனே."

"அப்பா..."

"உலகத்துல வேற சரித்திரமே இல்லியா? ராஜா இல்லியா, யுத்தம் இல்லியா? மிஷனரிமாரு வந்து பள்ளிக்கூடம் கட்டுன சரித்திரம் இல்லியா? குடிகாரப் பயலுவ சரித்திரமா கெடைச்சுது உனக்கு?"

"குடிச்சவங்க சரித்திரம் இல்லப்பா!" சுதா கத்திட்டா. அவ கத்தி அன்னைக்குத்தான் கேட்டேன். "காய்ச்சுனவங்க சரித்திரம். யாரு காய்ச்சலாம், யாரு காய்ச்சக்கூடாதுன்னு யாரு முடிவு பண்ணாங்க, அதுல யாரு பொழைச்சாங்க, யாரு தெருவுல நின்னாங்க. அதைத்தான் படிச்சேன். நீங்க ஒரு வார்த்தை கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன். மடம்னு காதுல விழுந்த ஒடனே ஸ்தோத்திரம்னுட்டுப் போயிட்டீங்க."

உள்ள போயி தீசிஸைக் கொண்டு வந்து அவரு பக்கத்துல வச்சா. கருநீல அட்டை, தங்க எழுத்து. "படிச்சுட்டு ஏசுங்க."

சாரு பாதிச் சோத்தோட எந்திச்சுக் கையக் கழுவுனாரு. சட்டையை மாட்டிக்கிட்டுப் படியெறங்கிப் போயிட்டாரு. டீச்சர் அழ ஆரம்பிச்சாங்க. கொழம்பு ஆறிப்போயி மேல எண்ணெய் மெதந்துது. யாரும் அதுக்குப் பெறகு சாப்புடல.

சாயங்காலம் வெள்ளத்துரை அண்ணாச்சி கடைப்பக்கம் வந்து, "வைவா தள்ளிப்போயிருச்சாமே? வேனை வேண்டாம்னுட்டாரு சாரு"ன்னாரு. நான் ஆமா ஆமான்னு தலையாட்டுனேன். சாரு பொய் சொல்லி நான் கேட்டதே கெடையாது. பொய்ன்னா பொய், வாய் கூசாமச் சொல்லியிருக்காரு. மகளைக் காப்பாத்தவா, தன் மானத்தைக் காப்பாத்தவான்னுதான் எனக்கு வெளங்கல. வீட்டுல அவரு யாருகிட்டயும் பேசல. காலையில போனா சாயங்காலம் வருவாரு. பேச வேண்டியதை டீச்சர்கிட்டக் கூடச் சைகையில பேசுனாரு. மேசை மேல தீசிஸைக் காணோம்னு ஸ்டெபின் வந்து சொன்னான். தூக்கிக் கெணத்துல போட்டிருப்பாருன்னு அவனே ஒரு முடிவுக்கும் வந்துட்டான்.

சுதாவுக்கு நெலை கொள்ளல. ஜாக்கெட்டை ரெண்டு தடவ பிரிச்சுப் பிடிச்சேன், அந்த ஒரு வாரத்துல அப்படி எளைச்சுப் போனா. "அப்பா பேசுனாராளா?"ன்னு கேப்பேன். "இல்லக்கா"ம்பா. நடப்பா. திரும்ப வந்து, "செருப்புச் சத்தம் ராத்திரி திரும்பவும் கேக்குதுக்கா. தூங்க மாட்டேங்காரு"ம்பா. எனக்கு மனசு கெடந்து அடிச்சுக்கிடும். அவரு மேல கோவமும் வரும்.

வைவா அன்னைக்கு டீச்சரும் நானும் ஆட்டோவுல போனோம், மடியில மக்ரூன் பெட்டி. யூனிபார்மெல்லாம் கெடக்கட்டும்னு கடையைப் பூட்டிட்டேன். ஹாலு பெருசு, ஆளு கொஞ்சம். அவ கைடு விஜிலா மேடம், கூடப் படிக்க பிள்ளைங்க, காலேஜ் வாத்தியாருமாரு. நாசரேத்து வேன் நெறைக்க இருந்த நாற்காலியெல்லாம் காலியாக் கெடந்துது. சுதா மேடையில நின்னு வாசலையே பாத்தா. பெறகு பேச ஆரம்பிச்சா.

இங்கிலீஷுதான். ஆனா கடையில கேட்டதுனால பாதிக்கு மேல எனக்குப் பிடிபட்டுது. கொடி, பிஷப்பு, பொடி, கப்பல் எல்லாம் வந்துது. அவ பாதி பேசியிருப்பா, பின்னால கதவு தொறந்துது. சாரு. வெள்ளைச் சட்டை, கையில கருநீல அட்டை. யாரையும் பாக்காம மிக்சர்ப் பொட்டலம் வச்சிருந்த கடைசி வரிசையில போயி உக்காந்தாரு. டீச்சர் என் கையப் பிடிச்ச பிடியில வளையல் அமுந்திருச்சு.

சுதா பேச்சை நிறுத்தல. கடைசி அத்தியாயத்துக்கு வந்தா. நான் கேக்காதது. அதை விஜிலா மேடம்தான் பெறகு எனக்கு முழுசா வெளக்குனாங்க. ஹாப்ஸு வாரதுக்கு முந்தி இங்கிலாந்துல ஊருக்கு ஊரு பீர் காய்ச்சுனது பொம்பளைங்கதானாம். நாலு நாள்ல கெட்டுருங்கதுனால, இன்னைக்கு இவ வீட்டுல, நாளைக்கு அவ வீட்டுலன்னு கொஞ்சம் கொஞ்சமாக் காய்ச்சிப் பக்கத்து வீட்டுக்கு வித்துப் பிள்ளைங்களுக்குக் கஞ்சி ஊத்திருக்காங்க. ஹாப்ஸு வந்ததும் சரக்கு மாசக் கணக்காத் தாங்குச்சு. பெரிய செம்புக் கொப்பரை, கிட்டங்கி, கப்பல்னு மொதல் போட்டவன் கைக்குத் தொழிலு போயிருச்சு. அந்தப் பொம்பளைங்களைப் பத்தி ஒரு புஸ்தகமும் இல்ல. அளவு தப்பு, வெலை தப்புன்னு கோர்ட்டுல அவங்களுக்கு அபராதம் போட்டான் பாருங்க, அதுல மட்டும் பேரு இருக்காம்.

பரிட்சைக்காரர் கேட்டதுக்கெல்லாம் பட்டு பட்டுன்னு பதில் சொன்னா. அவரு சிரிச்ச மொகமாப் பேப்பரை மூடுனாரு. "பொதுமக்கள்ல யாராவது கேள்வி?"ன்னு ஒப்புக்குக் கேட்டாரு. கையத் தட்டுறதுக்கு எல்லாரும் தயாரா இருந்தாங்க.

சாரு எந்திச்சாரு.

"என் பேரு கிருபாநிதி. பொதுஜனம்," ன்னாரு. தமிழ்லயே கேட்டாரு. "குடியால அழிஞ்ச குடும்பம் எத்தனைன்னு இந்த ஆராய்ச்சியில இருக்கா?"

"இல்ல சார்." அப்பான்னு சொல்லல அவ. "அதை அப்பம் யாரும் எழுதி வைக்கல. நான் தேடுனேன்."

"அது இல்லாம இது எப்படி முழுச் சரித்திரம்?"

"முழுசு இல்ல சார். அது இதுல உள்ள கொறைதான். முன்னுரையிலயே ஒத்துக்கிட்டிருக்கேன்."

விஜிலா மேடம் நெளிஞ்சாங்க. எனக்கு எந்திச்சு, "சார், வீட்டுல வச்சுப் பேசுங்க"ன்னு சொல்லிரணும் போல வந்துது. சாரு கண்ணாடியை மாட்டிக்கிட்டு அட்டையைப் பிரிச்சாரு.

"அனுபந்தம் நாலு. அபராதம் கட்டுன பொம்பளைங்க பேரு. அதை வாசிங்க."

"எல்லாத்தையுமா சார்?"

"வாசிங்க."

சுதா பக்கத்தைத் தேடி எடுத்து வாசிச்சா. "ஆக்னஸ், மாவு மில்லுக்காரன் மனைவி. மட்டில்டா, தச்சன் விதவை. ஆலிஸ், இடையன் மகள். எம்மா, ராபர்ட் மனைவி. தச்சன் வில்லியம் மனைவி, சொந்தப் பேர் இல்லை. ஜோன், கொல்லன் விதவை..."

ஜெபத்துக்கு நிக்க மாதிரி நின்னாரு சாரு, தலையைக் குனிஞ்சு. பரிட்சைக்காரர் வாட்சைப் பாக்கப் போனவரு கைய எறக்கிட்டாரு.

"போதும்," ன்னாரு சாரு. "இதுல ஒரு பேரு விட்டுப்போச்சு. சேத்துக்கிடு. கிருபாபாய்."

டீச்சர் என்னைப் பாத்தாங்க, அவரைப் பாத்தாங்க. அங்கன இருந்தே கேட்டுட்டாங்க: "அது யாரு?"

"எங்க அக்கா."

"கூடப்பொறந்தவங்க யாரும் இல்லைன்னுல்லா சொன்னீங்க?"

"சொன்னேன்." அவரு திரும்பல, மகளையே பாத்துக்கிட்டுச் சொன்னாரு. "அப்பாவும் அம்மாவும் காலராவுல போயிட்டாங்க. அவதான் என்னை வளத்தா. செம்மண் தேரிக்காட்டுல சாராயம் காய்ச்சி வித்தா. என் போர்டிங் பள்ளிக்கூடத்துப் பீஸு அதுலதான் வந்துது. போலீஸ் பிடிச்சு அபராதம் போட்டான். அடுத்த ஞாயித்துக்கெழமை சபையில பேரை வாசிச்சு, அவளை விலக்கி வச்சாங்க. நான் கொயர்ல நின்னேன். பாட்டுப் புஸ்தகத்துல இருந்து தலையைத் தூக்கல. மறுநாள் அவ ஊர்ல இல்ல. அதுக்குப் பெறகு அந்தப் பேரை யாரும் சொல்லல. நானும் சொல்லல."

டீச்சர் வாயில முந்தானையை வச்சுக்கிட்டாங்க. நான் அழுதேன், எனக்கென்ன வெக்கம்.

சுதா பேனாவை எடுத்தா. அந்தப் பக்கத்துல கீழ கொஞ்சம் எடம் இருந்திருக்கும் போல, அங்கன பேனாவை வச்சுக்கிட்டு நிமிந்து பாத்தா.

"யாரு மனைவின்னு போடட்டும்ப்பா?"

"மனைவி இல்ல," ன்னாரு சாரு. "கிருபாநிதியோட அக்கான்னு போடு."

அவ எழுதுனா.